கொழும்பு ஈரத்தில் பூக் காய வைத்து புக்மார்க் செய்வது எப்படி

பூவைப் பறித்துத் தடித்த புத்தகமொன்றுக்குள் வையுங்கள், இரண்டு கிழமைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள், பிறகு எடுத்து அட்டையில் ஒட்டினால் புக்மார்க் தயார். பெரும்பாலான காணொளிகள் இப்படித்தான் சொல்கின்றன. அவையெல்லாம் காற்று வறண்டு கிடக்கும் குளிர்நாட்டு வீடுகளில் எடுத்தவை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அப்படிச் செய்தால், இரண்டு கிழமை கழித்துத் திறக்கும்போது பூ இருந்த இடத்தில் மண்ணிறக் கறை, அதன் மேல் சாம்பல் பூத்த பூஞ்சணம், போதாததற்கு ஒரு நல்ல புத்தகமும் நாசம். அதனால் இதைக் கொழும்பில் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன், அதிலும் முற்றமில்லாத தொடர்மாடி வீட்டில் நாலைந்து பூச்சாடியோடு இருப்பவர்களுக்காக.

ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரிந்துவிடும்: இது தண்ணீரை வெளியே எடுக்கிற வேலை. பாரம் வைப்பது இதழ் சுருங்காமல் இருக்க மட்டும். தண்ணீரை உறிஞ்சுவது கடதாசி. உறிஞ்சிய கடதாசி அந்த ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் இங்கே காற்றிலேயே பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 75 சதவீதத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ நிற்கிறது, கடற்கரைப் பக்கத்து வீடென்றால் கேட்கவே வேண்டாம். கடதாசி ஈரத்தை விடாது, பூவும் காயாது, பூஞ்சணத்துக்கு விருந்து. ஆக நாம்தான் கடதாசியை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொழும்பு முறை என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

இந்த நாட்டில் இது சரிவராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த போல் ஹெர்மன் என்பவர் இங்குள்ள செடிகொடிகளைப் பறித்து அழுத்திக் காய வைத்து, கட்டிய தொகுதிகளாகக் கொண்டுபோனார். பின்னாளில் அவை சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸின் கைக்குப் போய், அவற்றைப் பார்த்துத்தான் அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய 'ஃபுளோரா சைலானிகா' நூலை வெளியிட்டார். அந்தத் தொகுதிகள் இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மின்விசிறியும் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லும் இல்லாத காலத்தில் காய்ந்த இலையும் பூவும் 300 வருஷத்துக்கு மேல் நிற்கிறதென்றால், நம்முடைய புக்மார்க் பத்து வருஷம் தாங்காதா?

எந்தப் பூ, எந்த நேரம்

ஆரம்பிப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை போகன்வில்லா. கொழும்பில் மதிலுக்கு மதில் தொங்குகிறது, யாரைக் கேட்டாலும் ஒரு கொத்துத் தருவார்கள். நாம் இதழ் என்று நினைக்கிற அந்த ஊதா, செம்மஞ்சள் நிறப் பகுதி உண்மையில் பூவிதழ் இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி மாதிரி நிற்கிற சின்ன வெள்ளைக் குழாய்தான் பூ. அந்த நிற இலை தொடும்போதே பாதி காய்ந்த மாதிரித்தான் இருக்கும், தண்ணீர் மிகக் குறைவு, அதனால் மழைக் காலத்திலும் ஏமாற்றாது. நடுக் குழாயைக் கிள்ளி எறிந்துவிட்டு நிற இலை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். காய்ந்த பிறகு யன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: நடு நரம்பிலிருந்து கிளை பிரிந்து, அந்தக் கிளையிலிருந்து மயிரிழை மாதிரி வலை ஓரம்வரை ஓடுவது ஒன்றுவிடாமல் தெரியும், பச்சையாக இருக்கும்போது அதில் பாதிகூடக் கண்ணில் படாது.

அடுத்தது நீலச் சங்குப்பூ. ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள், அடுக்குச் சங்கு வேண்டாம், அது உள்ளே காயாமல் அழுகும். வேகமாகக் காய வைத்தால் நீலம் அப்படியே இறுகி மை நிறத்துக்குப் போகும், நடுவிலுள்ள வெளிர் மஞ்சள் திட்டும் தெரிந்தபடியே இருக்கும். மெதுவாகக் காய்ந்தால் மங்கிப்போகும். பட்டிப்பூ, அதாவது நித்திய கல்யாணி, ஐந்து இதழும் தட்டையாக விரிந்தே இருப்பதால் அழுத்துவதற்கென்றே படைத்த பூ. இளஞ்சிவப்பு கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை. ஆனால் அது நச்சுச் செடி, சின்னப் பிள்ளைகளோடு செய்தால் வாயில் வைக்காமல் பார்த்து, முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். எக்சோரா கொத்தை அப்படியே வைக்கக் கூடாது, ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கீழேயுள்ள நீளக் குழாயை வெட்டிவிட்டு நாலு இதழும் விரியக் கவிழ்த்து வைத்தால் குட்டிக் குட்டி நட்சத்திரம் கிடைக்கும். செம்மஞ்சள் கொஸ்மொஸ் கிடைத்தால் விடாதீர்கள், நிறம் நிற்கிற பூக்களில் அது முதல் வரிசை.

வேண்டாதவையும் உண்டு. மல்லிகை, நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூக்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மண்ணிறமாகும். விகாரைகளில் வைக்கிற வெள்ளை மஞ்சள் அரலியாப் பூவும் அப்படித்தான், அதோடு பால் வடிந்து கடதாசியில் பிடித்துக்கொள்ளும். செவ்வரத்தை ஆசை காட்டும், ஆனால் அதன் இதழில் வழுவழுப்பு அதிகம், கடதாசியோடு ஒட்டிக்கொண்டு கிழியும், சிவப்பு ஊதாவாகிவிடும். ரோஜாவும் செவ்வந்தியும் முழுதாகக் காயாது, இதழ்களைத் தனித்தனியாகக் காய வைத்துப் பிறகு அடுக்கிப் பூவாக்கலாம். பூக்கடை ஓர்கிட்டின் தடித்த நடுப்பகுதியைப் பின்பக்கமாக பிளேட்டால் சீவினால்தான் காயும், அதைப் பிறகு பழகிக்கொள்ளுங்கள். கோயில் அர்ச்சனைப் பூவில் தண்ணீரும் சந்தனமும் பட்டிருக்கும், இதற்குச் சரிவராது.

பூவை விட இலைதான் புக்மார்க்கை வடிவாக்கும் என்பது என் எண்ணம். மதில் இடுக்கில் முளைக்கிற சின்னப் பன்னம் அருமையான சரக்கு, பச்சை நீண்ட நாள் நிற்கும். வீதியோரத்து மாரா மரத்தின் சிற்றிலைகளும் நல்லவை, ஆனால் அந்த மரத்தைத் தூங்குமூஞ்சி என்று சும்மா சொல்லவில்லை, பின்னேரமானால் இலையை மடித்துக்கொள்ளும், மழைக்கு வானம் மூடிக்கொண்டாலும் மடியும். வெயில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். புளிய இலையும் அதே கதைதான்.

பறிக்கிற நேரம் முக்கியம். காலை ஒன்பதரை, பத்துக்கு மேல், பனியும் மழைத்துளியும் காய்ந்த பிறகு, வெயில் ஏறிப் பூ வாடுவதற்கு முன்னர். மழை பெய்த அன்றைக்குப் பறிக்கவே பறிக்காதீர்கள், மேலே துடைத்தாலும் உள்ளே குடித்த தண்ணீர் இருக்கும். வருஷத்தில் நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை, அந்த மாதங்களில் போகன்வில்லாவோடும் இலைகளோடும் நின்றுகொள்வது புத்திசாலித்தனம். விகாரமகாதேவி பூங்கா மாதிரிப் பொது இடங்களில் பறிக்க வேண்டாம், உதிர்ந்தது எடுத்தால் போதும். காட்டு ஓர்கிட் போன்றவற்றைத் தொடவே வேண்டாம், அவற்றில் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

அழுத்துவது

தேவையானவை: பழைய பத்திரிகைகள், கொஞ்சம் வெள்ளை டிஷூ அல்லது மையொற்றுத் தாள், நெளி அட்டைப் பெட்டி ஒன்று, இரண்டு பலகைத் துண்டு, பாரத்துக்கு ஐந்து கிலோ அரிசிப் பை. மினுமினுப்பான சஞ்சிகைத் தாள் உதவாது, அது தண்ணீர் குடிக்காது. கோலம் போட்ட கிச்சன் டவலும் வேண்டாம், அந்தக் கோலம் அப்படியே இதழில் பதியும்.

முதலில் பலகை, அதன் மேல் நெளி அட்டை, அதன் மேல் ஏழெட்டுப் பத்திரிகைத் தாள், அதன் மேல் வெள்ளை டிஷூ, அதில் பூக்கள் ஒன்றையொன்று தொடாமல், திரும்பவும் டிஷூ, பத்திரிகை, நெளி அட்டை. இப்படி மூன்று நாலு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். நெளி அட்டையை விட்டுவிட வேண்டாம், அதிலுள்ள ஓட்டைகள் வழியாகத்தான் நடுவிலிருக்கிற ஈரம் வெளியே போகிறது. அடுக்கை மின்விசிறிக்கு எதிரே ஓட்டைகள் காற்றைப் பார்க்கிற மாதிரி வைத்தால் காயும் வேகமே வேறு. பூவை நேரே பத்திரிகையில் வைத்தால் அச்சு மை இதழில் ஏறும், அதற்குத்தான் டிஷூ. ஒரே தாளில் தடித்த பூவையும் மெல்லிய இலையையும் கலந்தால் மெல்லியதில் பாரம் படாமல் சுருங்கும், ஒரே தடிப்புள்ளவற்றை ஒன்றாகச் சேருங்கள்.

சரி, இனித்தான் உண்மையான வேலை. அடுத்த நாளே திறந்து பத்திரிகைகளை மாற்ற வேண்டும். தொட்டால் ஈரம் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். முதல் நாலு நாளும் தினமும், அதன் பிறகு ஒன்றுவிட்டொரு நாள். பூவைக் கையால் தூக்காமல் டிஷூவோடு சேர்த்து அப்படியே புதுப் பத்திரிகைக்கு மாற்றினால் இதழ் மடியாது. எடுத்த பத்திரிகையை எறிய வேண்டியதில்லை, வெயிலிலோ பிரிட்ஜின் பின்பக்கச் சூட்டிலோ காய வைத்து ஆறிய பிறகு மறுபடி பாவிக்கலாம். இரண்டு கட்டுப் பத்திரிகை இருந்தால் ஒன்று பூவுக்கு, மற்றது வெயிலுக்கு என்று மாறி மாறி ஓடும். மெல்லிய பூ ஒரு கிழமையில் முடியும், மற்றவைக்கு பத்திலிருந்து பதினாலு நாள் வையுங்கள், மழையென்றால் இன்னும் கொஞ்சம்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? புதியவர்கள் பெரும்பாலும் அவசரப்படுவது இங்கேதான். பூவைச் சாவணத்தால் தூக்கி மேலுதட்டில் மெல்லத் தொட்டுப் பாருங்கள் (நித்திய கல்யாணி மாதிரி நச்சுப் பூவென்றால் கன்னத்தில்). குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சாதாரணச் சூட்டில் கடதாசி மாதிரி இருந்தால் முடிந்தது. ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் துவளாமல் விறைப்பாக நிற்க வேண்டும். நடுப்பகுதியையும் காம்பையும் தனியாகப் பாருங்கள், இதழ் காய்ந்த பிறகும் அவை இரண்டு மூன்று நாள் பிந்தும்.

பொறுமையில்லாதவர்களுக்கு அயன் இருக்கிறது. ஒரு நாள் அழுத்தித் தட்டையான பூவை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, ஸ்டீம் இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்தி, தூக்கி, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. இலைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், சங்குப்பூவுக்குக்கூட நீலம் தப்பும், மற்றப் பூக்களில் ஒன்றிரண்டு பொரிந்துபோகும். அடைமழை மாதங்களில் நான் அழுத்துவதையும் அயனையும் சேர்த்தே செய்கிறேன்.

காய்ந்ததும் உடனே ஒட்டாவிட்டால் காற்றுப் புகாத பெட்டியில், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு மூடி வையுங்கள். மேசையில் திறந்து கிடந்தால் ஒரே இரவில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் திரும்பவும் துவளும்.

அட்டையில் ஒட்டுவது

புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் காகிதாதிக் கடைகளில் தடித்த அட்டை எத்தனையோ நிறத்தில் கிடைக்கும். பிரிஸ்டல் போர்ட் போதும், கொஞ்சம் செலவழிக்கலாமென்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) வோட்டர் கலர் தாள் எடுங்கள். வெள்ளையை விட மங்கலான தந்த நிறமும், நீலப் பூவுக்கு மண்ணிறமும் பொருந்தும். அளவு 5 சென்டிமீற்றர் அகலம், 14.5 நீளம் என்று வைத்தால் ஓர் ஏ4 தாளில் சரியாக எட்டு வெட்டலாம். 15 நீளம் ஆசைப்பட்டால் இரண்டாவது வரிசைக்கு இடம் பத்தாது. அடிமட்டமும் பிளேடும் வைத்து வெட்டுங்கள், கத்தரிக்கோல் ஓரத்தைக் கோணலாக்கும்.

ஒட்ட முதல் பசையே இல்லாமல் அடுக்கிப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான். முதலில் இலை, பிறகு பெரிய பூ, கடைசியாகச் சின்னவை, பெரியவை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மேலே மூன்றிலொரு பங்கு வெறுமையாக விட்டால்தான் கண்ணுக்கு மூச்சு விட இடம் இருக்கும். எல்லாப் பூவையும் ஒரே அட்டையில் போட வேண்டுமென்ற ஆசை எல்லோருக்கும் வரும், ஒரு பன்னமும் இரண்டு எக்சோராவும் இருக்கிற அட்டைதான் கடைசியில் கையில் எடுத்துப் பார்க்க வைக்கும். திருப்தி வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அகற்றுங்கள், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒட்டப்போகிறீர்கள்.

பசைக்கு பைண்டர் கம் போதும், தண்ணீர் கலக்க வேண்டாம், அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தை நாமே திருப்பிக் கொடுக்கக் கூடாது. தென்னை ஈர்க்கு நுனியில் கடுகளவு தொட்டு, பூவின் நடுவில் ஒன்று, இலையின் நரம்பு நெடுக இரண்டு மூன்று புள்ளி. இதழ் ஓரத்தில் பசை பட்டால் கறையாகத் தெரியும். சாவணத்தால் வைத்து, மேலே டிஷூ போட்டு ஒரு புத்தகத்தை ஏற்றி, ஒரு முழு நாள் விடுங்கள்.

மூடுவது

கண்ணாடிச் சட்டம் போட்ட படமென்றால் திறந்தபடி விடலாம், புக்மார்க் கையில் படும், வியர்வை படும், பஸ்ஸில் பையில் நசுங்கும். கொழும்பில் மூடாத பூ ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது அபூர்வம், அதனால் லேமினேட் செய்யத்தான் சொல்வேன். பக்கத்து கொமியூனிகேஷன் கடையிலேயே செய்துதருவார்கள். கொண்டுபோவதற்கு முன் உதட்டுச் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள், ஏனென்றால் அந்த இயந்திரத்தின் சூட்டில் மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல், பூவைச் சுற்றிக் குமிழ் விடும், பூவும் அவிந்து மண்ணிறமாகும். ஓர் ஏ4 உறைக்குள் நாலைந்து அட்டையை இடைவெளி விட்டு அடுக்கினால் செலவு குறையும். தடித்த பூ இருந்தால் தடித்த உறையாகக் கேளுங்கள், மெல்லிய உறை பூவின் ஓரத்தில் ஒட்டாமல் காற்றுக்கோடு நிற்கும்.

வெட்டும்போது அட்டையோடு ஒட்டி வெட்டவே கூடாது. சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் பிளாஸ்டிக் விளிம்பு விடுங்கள், அந்த விளிம்புதான் ஈரத்துக்குப் பூட்டு. மேல்பக்கம் மட்டும் ஒரு சென்டிமீற்றர் கூடுதலாக விட்டு, ரிப்பன் கட்டுகிற ஓட்டையை அந்த வெறும் பிளாஸ்டிக்கிலேயே போடுங்கள். அட்டையில் ஓட்டை போட்டால் அதன் வழியாக ஈரம் புகுந்து சில மாதத்தில் ஓட்டையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கறுக்கத் தொடங்கும். மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புத்தகப் பக்கத்தைக் கிழிக்கும்.

லேமினேட் சூடு வேண்டாமென்றால், ஒட்டும் பசையோடு வருகிற தெளிவான பிளாஸ்டிக் தாளை இரண்டு பக்கமும் ஒட்டலாம். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து அடிமட்ட ஓரத்தால் தள்ளித் தள்ளி ஒட்டினால் குமிழ் குறையும், ஒருமுறை பூவில் பட்டால் திரும்ப உரிக்க முடியாது. நிறம் இதில்தான் நன்றாக நிற்கிறது, விளிம்புப் பிடி லேமினேட் அளவுக்கு வராது.

எப்படிச் செய்தாலும் வெயிலில் வைக்காதீர்கள். சூரிய வெளிச்சம் பட்டால் நிறம் சில கிழமையிலேயே வெளிறும், யன்னலோரத்து மேசையை விட மூடிய புத்தகத்துக்குள் இருக்கும்போதுதான் நிறம் நீடிக்கும்.

வெளிநாட்டிலிருக்கிற சொந்தங்களுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லேமினேட் செய்திருந்தாலும் அது தாவரப் பொருள்தான், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் மிகக் கண்டிப்பு. தபாலில் அனுப்பினால் படிவத்தில் காய்ந்த பூ இருக்கிறதென்று எழுதுங்கள், யாராவது கையில் கொண்டுபோனால் விமான நிலையத்தில் அறிவித்துக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு விட்டாலும் விடுவார்கள், எடுத்து வைத்தாலும் வைப்பார்கள், ஆனால் சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டி வரலாம், அதனால் யார் கையில் கொடுக்கிறீர்களோ அவரிடம் உறைக்குள் என்ன இருக்கிறதென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.